காஞ்சியை விட்டு மலை ஏறிய குடிகள்

உங்கள் வகுப்பறைச் சுவரில் தமிழ்நாட்டு நிலப்படம் மாட்டியிருக்கும் அல்லவா? அதில் தர்மபுரி மாவட்டத்தைக் கண்டுபிடியுங்கள். மேற்கே ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கிடையே விழுந்து தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. தென்கிழக்கே, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய ஊர்களுக்கு அருகில், மலையைக் குறிக்கும் பழுப்பு நிறத் திட்டு ஒன்று தெரியும். அது சித்தேரி மலை. தர்மபுரி நகருக்குப் பக்கத்தில், சேர்வராயன் மலைத்தொடரை ஒட்டினாற்போல் இன்னொரு சிறு திட்டு உண்டு. அது வத்தல்மலை.

இந்த மலைகளின் மேல் வாழ்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் இது. இவர்கள் தாய்மொழி தமிழ். சித்தேரி, கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, சவ்வாது என்று நீளும் மலைகள் அனைத்திலும் இவர்கள் இருக்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இவர்கள் தொகை ஏறத்தாழ 3,58,000. தமிழ்நாட்டுப் பழங்குடி மக்களுள் மிகப் பெரிய பிரிவு இதுதான்.

இந்தப் பழங்குடி மக்களின் பெரியவர்களிடம் பூர்வீகம் எது என்று கேட்டால், "இந்த மலைதான்" என்று சொல்வார்கள் என எதிர்பார்ப்பீர்கள். அவர்கள் சொல்லும் ஊர் காஞ்சிபுரம்! காஞ்சிபுரத்துக்கும் சித்தேரிக்கும் நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஏரியும் நெல்வயலும் நிறைந்த தொண்டை நாட்டை விட்டு, புலியும் காய்ச்சலும் உள்ள காட்டு மலைக்கு ஒருவர் ஏன் போக வேண்டும்? போனபின் என்ன ஆயிற்று?

மேற்கு நோக்கிய குடியேற்றம் என்றால் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது அமெரிக்கா. கூண்டு வண்டிகளில் குடும்பம் குடும்பமாக மேற்கே போனவர்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1862-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு ஒரு சட்டம் இயற்றியது. மேற்கே சென்று ஐந்தாண்டுகள் தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் நிலம் சொந்தம் என்றது அச்சட்டம். செவ்விந்தியரை அவர்கள் வாழ்ந்த நிலங்களிலிருந்து விரட்டும் வேலையை 1830-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று முன்பே தொடங்கி வைத்திருந்தது. அங்கே குடியேறியவர்களுக்குப் பின்னால் அரசாங்கம் இருந்தது.

கிழக்குக் கடற்கரைச் சமவெளியில் வாழ்ந்த உழவனுக்கு மேற்கு எல்லை எது? சவ்வாது, கல்வராயன், சித்தேரி என்று சுவர்போல நிற்கும் இந்த மலைகள்தாம். இங்கே மலை ஏறியவர்களுக்குப் பின்னால் அரசாங்கம் இல்லை. அரசாங்கங்களை விட்டு விலகத்தான் அவர்கள் போனார்கள் என்று தோன்றுகிறது.

கதையைச் சோதித்துப் பார்ப்போம்

எட்கர் தர்ஸ்டன் என்பவர் தென்னிந்தியக் குலங்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1909-இல் வெளிவந்தது. மலையாளிகளின் கதை அதில் பதிவாகியிருக்கிறது. காஞ்சியில் உழுதுண்டு வாழ்ந்தவர்கள், அங்கே அயலார் ஆட்சி வந்தபோது ஊரை விட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் போனார்கள். இது நடந்து பத்துத் தலைமுறை ஆயிற்று என்கிறது கதை. காஞ்சியில் இருப்புக் கொள்ளாத கரிராமன் என்ற தெய்வம் மலைக்குப் புறப்பட, அதைப் பின்தொடர்ந்து இவர்களும் வந்தார்கள் என்று சொல்வாரும் உண்டு.

கதையை அப்படியே நம்பிவிடுவது விஞ்ஞானம் ஆகாது. கதைதானே என்று தள்ளிவிடுவதும் ஆகாது. சோதிக்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், பத்துத் தலைமுறைக்கு 250 முதல் 300 ஆண்டு. 1909-இலிருந்து கழியுங்கள். 1609-க்கும் 1659-க்கும் இடைப்பட்ட காலம் வருகிறது. அப்போது தொண்டை நாட்டில் என்ன நடந்தது? விஜயநகர அரசின் கடைசி மன்னர்கள் வேலூரில் வலுவிழந்து கிடந்தார்கள். 1640-களில் பீஜப்பூர்ப் படையும் கோல்கொண்டாப் படையும் தமிழகத்துக்குள் புகுந்தன. 1646-47-இல் சோழமண்டலக் கரையில் கொடும் பஞ்சம். காலம் பொருந்தி வருகிறது!

ஆனால் பொருந்துவது வேறு, நிரூபணம் ஆவது வேறு. பேச்சு வழக்கில் 'பத்துத் தலைமுறை' என்றால் 'வெகு காலம்' என்றுதான் பொருள். எண்ணிப் பார்த்துச் சொன்னதாகாது. 1481-இலும் பாமினி சுல்தானின் படை காஞ்சியைச் சூறையாடியது. ஆகவே மலையேற்றம் இன்னும் முந்தியதாகவும் இருக்கலாம். 'அயலார் ஆட்சி' என்று கதை சொன்னாலும், அக்காலப் போர்களில் எந்தக் கொடி பிடித்த படையானாலும் உழவனின் களத்து நெல்லைத்தான் முதலில் அள்ளிக்கொண்டது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

அடுத்த சான்று மொழி. நீலகிரியில் வாழும் தோடர், கோத்தர் ஆகியோரின் மொழிகள் தமிழுக்கு உறவுடையவை. எனினும் நமக்குப் புரியாதவை. மிக நீண்ட காலம் தனித்திருந்ததன் விளைவு அது. மலையாளிகள் பேசுவதோ, சில சொற்களும் ஓசையும் வேறுபட்டாலும், நாம் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய தமிழ். சமவெளியிலிருந்து அவர்கள் பிரிந்தது அண்மைக் காலத்தில்தான், அல்லது முழுவதுமாகப் பிரியவே இல்லை என்று இதிலிருந்து ஊகிக்கலாம். அவர்கள் ஏர் பூட்டி உழுபவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் மட்டுமே வாழ்ந்த கூட்டம் அல்ல அது.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். மலைகள் அவர்கள் வருமுன் வெறுமையாக இருக்கவில்லை. சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்தைச் சேர்ந்த, தேய்த்து மெருகேற்றிய கற்கோடரிகளை இராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டிலேயே சேகரித்தார். (மலையூர்க் கோயில்களில் இத்தகைய கோடரிகளைப் பிள்ளையாராக வைத்துக் கும்பிடும் வழக்கம் உண்டு. கல்லாயுதம் செய்தவனின் கைவேலை கடவுளாகிவிட்டது!) தர்மபுரி மாவட்டத்திலேயே மோதூரில் நடந்த அகழாய்வில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்த தடயங்கள் கிடைத்துள்ளன. அண்ணன் தம்பி கதையும் இதை மறைக்கவில்லை. மூவரும் மலையில் வெவ்வேறு குலத்துப் பெண்களை மணந்தார்கள் என்றும், ஒருத்தி வேடர் குலத்தவள் என்றும் ஒரு வடிவம் கூறுகிறது. வேடர் பெண் இருந்தாள் என்றால் வேடர் ஊரும் அங்கே இருந்திருக்கும்.

எனவே ஒரே நாளில் ஒரே கூட்டம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது என்று எண்ண வேண்டியதில்லை. பஞ்சம் வந்தபோது சிலர், படை வந்தபோது சிலர், வரி கட்ட முடியாதபோது சிலர் என்று பல அலைகளாக ஏறி, முன்பே இருந்தவர்களோடு கலந்து, பின்னாளில் எல்லோரும் ஒரே கதையைத் தம் கதையாகக் கொண்டார்கள் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

மலை ஏன் அழைத்தது?

துரத்தியது என்ன என்று பார்த்தோம். இழுத்தது என்ன?

தர்மபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தல்மலையின் மேற்பரப்பு ஏறத்தாழ 1000 மீட்டர். காற்று மேலே போகப் போக அழுத்தம் குறைந்து விரிவடைகிறது. விரிவடையும் காற்று குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பநிலை 6.5 பாகை செல்சியஸ் குறையும். 530 மீட்டர் ஏறினால் எவ்வளவு குறையும்? ஏறக்குறைய மூன்றரைப் பாகை. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் குளிர்ந்த காற்று குறைந்த அளவு நீராவியைத்தான் தாங்கும். எஞ்சியது மேகமாகி மழையாக விழும். தர்மபுரிச் சமவெளியில் ஆண்டுக்கு 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை என்றால், சேர்வராயன் மலை மேலுள்ள ஏற்காட்டில் ஏறத்தாழ 1500 மில்லிமீட்டர். பெய்த மழையும் வெயிலில் விரைவாக ஆவியாகி விடுவதில்லை. கீழே ஏரி வற்றிய ஆண்டிலும் மேலே ஊற்றில் நீர் இருக்கும்.

இன்னோர் ஈர்ப்பு, வரி இல்லாமை. சமவெளியில் நெல் விளைந்தால் களத்தில் குவித்து வைத்துப் பங்கு பிரிப்பார்கள். மேல்வாரம் அரசுக்கோ நிலக்கிழாருக்கோ போகும், குடிவாரம் உழுதவனுக்கு. நெல் அரசாங்கங்களுக்கு மிகவும் பிடித்த பயிர். மட்டமான வயல், ஏரிக்குக் கீழே வரிசையாக. ஒரே காலத்தில் அறுவடை. கணக்குப்பிள்ளை வந்து நின்றால் ஒரு மூட்டை தப்பாது. மலைச்சரிவிலோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு கொல்லைகள். ஒன்று விளையும்போது மற்றொன்று பச்சையாக நிற்கும். எவன் ஏறி வந்து அளப்பான்?

தென்கிழக்கு ஆசிய மலைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட் என்ற அறிஞர் 2009-இல் வெளியிட்ட நூலில், மலைமக்கள் பலர் முன்னேற மறந்து பின்தங்கிப் போனவர்கள் அல்லர். வரி, போர், கட்டாய வேலை ஆகியவற்றிலிருந்து தப்பி ஏறியவர்களின் வழிவந்தவர்கள் என்று வாதிட்டார். அவர் கூற்றை மறுப்பாரும் உண்டு. எனினும் சித்தேரி மலையைப் பார்க்கும்போது அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

அளக்க வருபவனைத் தடுத்த காவற்காரன் ஒருவனும் மலையில் இருந்தான். மலைக்காய்ச்சல்! மலை ஓடைகளின் தெளிந்த நீரோட்டத்தில் வளரும் ஒருவகை அனாபிலிஸ் கொசு மலேரியாவைப் பரப்பும். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான். அதுவரை மலையின் 'கெட்ட காற்று' என்றே அஞ்சினார்கள். படைவீரனும் அதிகாரியும் ஏறத் தயங்கினர். குடியேறியவர்களையும் காய்ச்சல் விட்டுவைத்திருக்காது. விலை கொடுத்துத்தான் அவர்கள் அந்தத் தனிமையை வாங்கினார்கள்.

சாமை என்னும் நண்பன்

நெல் உழவன் மலைமீது என்ன பயிரிடுவான்? சரிவில் தண்ணீர் தேங்காது, மேல்மண்ணோ மெல்லியது. அங்கே அவனுக்குக் கைகொடுத்தவை சாமை, தினை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்கள்.

இவற்றுள் சாமையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இந்தியாவிலேயே பழக்கப்படுத்தப்பட்ட தானியம் இது. நெல் போன்ற பயிர்களின் இலைத்துளைகள் கரியமில வாயுவை உள்ளே இழுக்கத் திறந்திருக்கும்போது நீராவி நிறைய வெளியேறிவிடும். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றின் இலைகளில் கரியமில வாயுவை முதலில் நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சேர்மமாகப் பிடித்துச் செறிவாக்கும் ஏற்பாடு உண்டு. அதனால் துளைகளைச் சிறிதே திறந்து, குறைந்த நீரைச் செலவிட்டு, நிறைய மாவுப்பொருளைச் செய்துகொள்ள முடிகிறது. ஏறத்தாழ மூன்று மாதத்தில் கதிர் முற்றிவிடும். உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பஞ்சத்துக்கு அஞ்சி ஓடிவந்தவனுக்கு இதைவிட நல்ல தானியம் எது?

சரிவு குறைந்த நிலத்தை ஏர் பூட்டி உழுதார்கள், அது உழவுக்காடு. செங்குத்தான நிலத்தைக் கொத்திப் பயிரிட்டார்கள், அது கொத்துக்காடு. புதர்களை வெட்டி, காயவிட்டு, எரித்து, மழை வந்ததும் விதைப்பது புனக்காட்டு முறை. எரிக்கும்போது தழைச்சத்து காற்றோடு போய்விடும்; சாம்பலில் சாம்பல் சத்தும் மணிச்சத்தும் மண்ணுக்குக் கிடைக்கும். இரண்டு மூன்று போகத்தில் அந்த வளம் தீர்ந்ததும் நிலத்தைக் கரம்பாக விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். பல ஆண்டுகளில் காடு மீண்டும் மூடிக்கொள்ளும். மக்கள் குறைவு, மலை பெரிது என்னும்வரை இது கெடுதல் இல்லாத முறை. மக்கள் பெருகிக் கரம்பு விடும் காலம் சுருங்கினால், மழைநீர் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விடும். எல்லாக் குற்றத்தையும் புனக்காட்டின் தலையில் கட்டியவர்களும் உண்டு. அதில் குற்றமே இல்லை என்பவர்களும் உண்டு. கரம்பு எத்தனை ஆண்டு என்று கேட்காமல் இரண்டு பக்கமும் பேசிப் பயனில்லை.

கொல்லிமலை மலையாளிகள் பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியசாமை, சடஞ்சாமை என்று சாமையிலேயே பல வகைகளைப் பிரித்து வளர்த்தார்கள். விதைக்கும் பருவம், மண், முற்றும் நாள் ஆகியவற்றுக்கேற்ப வகை மாறும். பல்கலைக்கழகம் போகாத உழவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கதிரைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி விதை வைத்ததன் பயன் இது.

மலை அவர்களையும் மாற்றியது. மலைப்பகுதியை 'நாடு'களாகப் பிரித்துக்கொண்டு, வழக்குகளைத் தங்கள் பெரியவர்களை வைத்தே தீர்த்தார்கள். கீழ்நாட்டாருடன் மணவுறவு அற்றுப்போயிற்று. காஞ்சி உழவரின் பேரப்பிள்ளைகள் வேறொரு மக்களாகவே ஆகிவிட்டார்கள்.

எல்லைக்கல் மலை ஏறியது

1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் என்னும் இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளரான தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவனிடமே நேராக வரி வாங்கும் இரயத்துவாரி முறையை இங்கேதான் உருவாக்கத் தொடங்கினார்கள். மலைக்கு அந்த அளவுச் சங்கிலி உடனே வரவில்லை. வந்தது வேறு வடிவில். 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காடுகளைக் 'காப்புக்காடு' ஆக்கியது. எல்லைக்கல் நட்டு, இதற்கு உட்பட்டது அரசுக்குச் சொந்தம் என்றது. நேற்றுவரை கரம்பாக விட்டிருந்த கொத்துக்காடு, இன்று திரும்பப் போனால் ஆக்கிரமிப்பு!

வரிக்கு அஞ்சி ஏறியவர்களின் பேரப்பிள்ளைகளை அரசு மலைமேலேயே வந்து பிடித்துவிட்டது. நிலம் சுருங்கியதால் கூலி வேலைக்கும் வனத்துறை வேலைக்கும் போனார்கள். இந்தக் காடுகளில் விளைந்த சந்தனமரம் வேறு, கடத்தல்காரர்களையும் அவர்களைத் தேடிய அதிகாரிகளையும் அழைத்து வந்தது. சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி என்ற மலையாளிகள் ஊர் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அவ்வூருக்குள் புகுந்தனர். மக்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன்பே இறந்துபோக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. நடந்ததற்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவே 31 ஆண்டுகள். அந்த ஊர் மக்கள் விடாமல் சாட்சி சொன்னார்கள்.

இதற்கிடையில் சட்டம் அவர்களுக்கு ஒரு பெயரும் தந்திருந்தது. 1950-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் ஆணையின் வழியில் மலையாளிகள் பழங்குடியினர் ஆனார்கள். அமெரிக்காவை இங்கே மறுபடி நினைத்துப் பாருங்கள். அங்கே குடியேறியவர்கள் நில உடைமையாளர் ஆனார்கள். பழங்குடியினர் நிலம் இழந்தார்கள். இங்கே குடியேறியவர்களே பழங்குடியினராகி, நிலத்துக்கு வழக்காடும் நிலைக்கு வந்தார்கள்.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் எப்படிப் பழங்குடி ஆவார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. காஞ்சிக் கதையையே அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். சட்டத்தின் பட்டியல் யார் முதலில் வந்தார் என்ற பந்தயத்தின் முடிவு அன்று. தனித்த வாழ்க்கை, தனித்த பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், பின்தங்கிய நிலை ஆகியவையே அதற்கு அளவுகோல்கள். முந்நூறு ஆண்டுத் தனிமை இவற்றையெல்லாம் உண்டாக்கப் போதுமானது.

ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மலையாளிகள் என்ற பெயருக்கு எதிரே, தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் உள்ளவர்கள் என்று குறித்திருக்கிறது. இந்த மாவட்டங்களிலிருந்து பின்னால் பிரிந்த நாமக்கல், திருவண்ணாமலை போன்றவற்றுக்கும் அது பொருந்தும். தர்மபுரியே 1965 வரை சேலத்தின் பகுதிதான். கோயம்புத்தூரின் பெயர் பட்டியலில் இல்லை. ஈரோடு மாவட்டம் 1979-இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. அந்த ஈரோடு மாவட்டத்து அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை இருக்கிறது. மேற்கே இன்னும் சற்றுத் தள்ளி நடந்த மலையாளிகள் அங்கேயும் வாழ்கிறார்கள்.

இதனால் என்ன வேறுபாடு? 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, பழங்குடியினர் ஒருவர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தைப் பயன்படுத்தி வந்ததைக் காட்டினால் போதும், உரிமை கோரலாம். பட்டியலில் இல்லாதவரோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். எழுத்தே இல்லாத மலையூரில் 75 ஆண்டுக்கு முந்திய பத்திரத்துக்கு எங்கே போவது?

பர்கூர் மலை மக்கள் சாதிச் சான்றிதழுக்காகப் பல பத்தாண்டுகளாக மனுக் கொடுத்து வருகிறார்கள். சித்தேரிப் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவியும், பர்கூர் மலைப் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவியும் ஒரே கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்களாக இருக்கலாம். கல்லூரி விண்ணப்பத்தில் 'பழங்குடி' என்ற கட்டத்தில் ஒருத்தி குறியிடுவாள். மற்றவள் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது.